தவறணை

2007 ஜூலை 1, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி. இங்கிலாந்தில் பப்புகளுக்குள் புகைபிடிப்பதைத் தடைசெய்த சட்டம் அந்த நேரத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. தெற்கு லண்டனில், ரூட்டிங்கிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடத் தூரத்தில், ஒரு தெருமுனைப் பப்பின் சாவி அவர் கைக்கு வந்து அப்போது நாலு கிழமை ஆகியிருந்தது. முதல்நாள் இரவு கடைசி ஆள் எழுந்து போன பிறகு சாம்பல் கிண்ணங்களையெல்லாம் கழுவி, ஒரு பெட்டியில் அடுக்கி, நிலவறைக்குக் கொண்டுபோய் வைத்தார்.

மத்தியானம் கதவு திறந்ததும் உள்ளே வந்தவர்கள் ஒவ்வொருவராக மூக்கைச் சுளித்தார்கள். இத்தனை ஆண்டுகளும் சிகரெட் புகை மூடிவைத்திருந்த மணங்கள் அன்று வெளியே வந்திருந்தன. கம்பளத்தில் ஊறிப் புளித்த பியர், ஈரச் சுவர், ஆண்கள் கழிப்பறை. அந்தக் கோடையில் வேறு பப்புக்காரர்களும் இதையே சொல்லி அலுத்துக்கொண்டார்கள். அவருக்கு அது கூடுதலாக உறைத்தது. குத்தகைப் பத்திரத்தின்படி அந்தக் கம்பளமும் சுவரும் கூரையும் இனி அவர் தலையில்தான்.

வடமராட்சியிலிருந்து 1991இல் வந்தவர். ஏழு வருடம் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. பிறகு மதுப் போத்தலும் பாலும் பாணும் விற்கும் சின்னக் கடை ஒன்று. லண்டனில் ஒரு தலைமுறைத் தமிழர் நடந்து வந்த அதே பாதை. கடையில் எட்டு வருடம் விஸ்கியும் வைனும் விற்றவருக்கு மதுத்தொழில் தெரியும் என்ற நம்பிக்கை இருந்தது. அது எவ்வளவு தவறு என்பது முதல் கிழமையே தெரிந்துவிட்டது. போத்தலை வாங்கியவன் கதவுக்கு வெளியே போனதும் கடைக்காரனின் வேலை முடிந்துவிடுகிறது. பப்பில் ஆள் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது.

பணத்துக்கு இரண்டு சீட்டைக் கேட்டு எடுத்தார். முதல் மாதங்களிலேயே எடுத்ததால் கழிவு நெஞ்சை அடைத்தது. வீட்டை மீண்டும் ஈடு வைத்தார். மனைவியின் நகைகளில் தாலிக்கொடி மட்டும் மிஞ்சியது. அதற்குப் பதிலாக அவர் வாங்கியது கட்டடத்தையல்ல, பதினைந்து வருடக் குத்தகையையும் ஒரு கட்டுப்பாட்டையும்.

இந்தக் கட்டுப்பாட்டைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பப்பைத் திறந்து நொடிந்துபோனவர்களில் பலர் இதற்குள்தான் மூச்சுத் திணறினார்கள். பிரிட்டனில் நெடுங்காலம் மதுவடிசாலைகளே பப்புகளின் சொந்தக்காரர்கள். குத்தகைக்காரர் அவர்களுடைய பியரை மட்டுமே விற்கலாம். 1989இல் அரசு தலையிட்டது. இரண்டாயிரத்துக்கு மேல் பப் வைத்திருந்த வடிசாலைகள் அந்த எல்லையைத் தாண்டியவற்றில் பாதியைக் கட்டிலிருந்து அவிழ்க்க வேண்டும் என்று ஆணை வந்தது. வடிசாலைகள் பப்புகளைக் கூட்டங்கூட்டமாக விற்றன. வாங்கியவை பியர் வடிக்காத, கட்டடம் மட்டும் வைத்திருக்கும் நிறுவனங்கள். கட்டு அவிழவில்லை, கை மாறியது. அவருடைய குத்தகையும் அப்படிப்பட்ட ஒன்றுதான். வாடகையும் கொடுக்க வேண்டும், பியரையும் அவர்களிடமே, வெளிச்சந்தையைவிடக் கூடிய விலைக்கு வாங்க வேண்டும். கூரை ஒழுகினால் திருத்துவதும் அவர்தான். பத்திரத்தைப் பார்த்த சட்டத்தரணி இதையெல்லாம் அடிக்கோடிட்டுக் காட்டினார். அவர் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஒரு முடிவோடு போனவனுக்கு அடிக்கோடு கண்ணில் படாது.

அடுத்தது உரிமம். 2003ஆம் ஆண்டின் மதுவுரிமச் சட்டம் 2005 நவம்பரில்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்திருந்தது. அதற்கு முன்பு இரவு பதினொரு மணிக்கு மணியடித்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். முதல் உலகப்போரின்போது ஆயுதத் தொழிற்சாலை ஆட்கள் குடித்துவிட்டு வேலைக்கு வராமல் போய்விடுவார்கள் என்று போட்ட நேரக்கட்டுப்பாட்டின் மிச்சம் அது. பிற்பகலில் பப்பை மூடும் வழக்கம்கூட வாரநாட்களில் 1988 வரை இருந்தது. புதிய சட்டம் அதிகாரத்தை நீதிவான்களிடமிருந்து எடுத்து உள்ளூர்க் கவுன்சில்களிடம் கொடுத்தது. ஆளுக்கு ஓர் உரிமம், இடத்துக்கு ஓர் உரிமம். ஆளுக்கானது எளிது. ஒரு நாள் பயிற்சி, ஒரு பரீட்சை, பொலிஸ் பதிவுச் சான்று, 37 பவுண். இடத்துக்கான உரிமம் பழையவரின் பெயரிலிருந்து அவர் பெயருக்கு மாறியது. ஆனால் வெள்ளி, சனி இரவுகளில் நள்ளிரவு வரை திறக்க விரும்பியதால் மாற்றம் கேட்டு மனுப்போட வேண்டியிருந்தது. வெளிர்நீலத் தாளில் அறிவித்தல் அச்சடித்து, தெருவில் போகிறவர் வாசிக்கும்படி வாசலில் 28 நாள் ஒட்டி வைக்க வேண்டும். உள்ளூர்ப் பத்திரிகையிலும் போட வேண்டும்.

அந்த 28 நாளும் அவருக்கு நித்திரை இல்லை. யார் நின்று வாசிக்கிறார்கள் என்று ஜன்னலால் பார்த்துக்கொண்டே இருந்தார். பதினொரு ஆட்சேபக் கடிதங்கள் கவுன்சிலுக்குப் போயின. பெரும்பாலானவை சத்தத்தைப் பற்றியவை, நியாயமானவை. ஒன்றில் மட்டும் ‘கறி மணம்’ பற்றி இருந்தது. அவர் அப்போது ஒரு சட்டி கறியும் அங்கே சமைத்திருக்கவில்லை.

விசாரணைக்கு மூன்று கவுன்சிலர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு, கடதாசியில் எழுதி வைத்ததை வாசிக்காமல், ஆட்சேபம் எழுதிய எல்லா வீடுகளுக்கும் தான் போய்க் கதவு தட்டியதைச் சொன்னார். அதுதான் அவர் செய்த நல்ல காரியம். எழுதியவர்களில் நாலு பேர் அதற்குள் கடிதத்தைத் திரும்ப எடுத்திருந்தார்கள். அனுமதி கிடைத்தது, நிபந்தனைகளோடு. ஒன்பது மணிக்குப் பிறகு தெருப்பக்க ஜன்னல் திறக்கக் கூடாது, பத்து மணிக்குப் பிறகு பின்முற்றத்தில் யாரும் நிற்கக் கூடாது. புகைக்காரர்கள் உள்ளேயும் நிற்க முடியாது, பின்னாலும் நிற்க முடியாது, முன்வாசலில் நின்றால் அயலவர் கோபிப்பார்கள். ஒவ்வொரு இரவும் அவர் வாசலில் நின்று மெல்லக் கதைக்கும்படி கேட்டுக்கொண்டே இருந்தார். ஆறு வருடம் கேட்டார்.

நிலவறைக்கு இறங்கும் படிகளில் மூன்றாவது ஆடும். முதல் கிழமையே அதில் வழுக்கிக் கணுக்கால் வீங்கிற்று. ஊரில் இருந்த தாயாருக்கு ரெலிபோனில் சொன்னபோது, “கடையில என்னத்துக்குக் கீழ படி?” என்று கேட்டார். ‘சாமான் வைக்கிற அறை’ என்று சொல்லிச் சமாளித்தார். தாயார் சொந்தக்காரருக்கெல்லாம் மகன் ‘பெரிய கடை’ எடுத்திருக்கிறான் என்றுதான் சொல்லியிருந்தார். பப் என்றால் என்ன என்று தாயாருக்குத் தெரியாமலில்லை. அதற்கு ஊரில் ஒரு சொல் இருக்கிறது. போர்த்துக்கேயரின் ‘தவேர்ணா’ யாழ்ப்பாணத்து நாக்கில் தவறணை ஆனது. அந்தச் சொல்லுக்குள்ளேயே தவறு இருக்கிறது என்று தாயார் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்திருந்தார். கள்ளுத் தவறணை இருந்த ஒழுங்கையால் பிள்ளைகளைப் போகவிடமாட்டார். அந்த வெறுப்பில் குடியின் மீதுள்ள பயம் பாதி, சாதி மீதி. கள்ளிறக்கியவர்களைத் தொடாமல் தள்ளி நிற்கவைத்துவிட்டு, அவர்கள் இறக்கியதை இருட்டில் வாங்கிக் குடித்த ஊர் அது. லண்டனில் கவுண்டருக்குப் பின்னால் நின்று மற்றவர்களுக்கு ஊற்றிக் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் இந்த அநியாயம் அவருக்கு முழுதாக உறைத்தது.

நிலவறை வேலையில் அவருக்குக் குரு ஒருவர் கிடைத்தார். கவுண்டரின் கடைசி நாற்காலியில் தினமும் மூன்று மணிக்கு வந்து உட்காரும் வெள்ளைக்காரப் பெரியவர். வான்ஸ்வேர்த்தில் இருந்த யங்ஸ் வடிசாலையில் வாழ்நாள் முழுவதும் வேலை செய்தவர். அந்த இடத்தில் பதினாறாம் நூற்றாண்டிலிருந்து பியர் வடித்து வந்தார்கள். சுற்றுவட்டாரப் பப்புகளுக்குக் குதிரை வண்டியில் பீப்பாய்கள் போயின. 2006 செப்ரெம்பரில் அந்த வடிசாலை மூடப்பட்டது. பெரியவர் கோபப்பட்டு ஒருநாளும் பேசியதில்லை, குதிரைகளைப் பற்றி மட்டும் பேசுவார். இரண்டாம் கிழமை, ஒரு மிடறு குடித்துவிட்டு கிளாஸைத் தள்ளி வைத்து, “உன் நிலவறையைக் காட்டு” என்றார்.

உயிர்ப் பியர் என்ற ஒன்று இருப்பதே அவருக்கு அதுவரை சரியாகத் தெரியாது. கடையில் விற்றது ரின்னில் அடைத்த பியர். பீப்பாயில் வரும் ஏல் அப்படியல்ல. அதற்குள் ஈஸ்ட் இன்னும் உயிரோடு இருக்கிறது, நிலவறைக்கு வந்த பிறகும் நொதித்துக்கொண்டிருக்கிறது. ஒன்பது கலன் பீப்பாயில் 72 பைந்து. அதை மரச்சட்டத்தில் அசையாமல் கிடத்தி, மேலே மென்மையான மர ஆப்பை அடித்து வாயு வெளியேற விட்டு, நுரை அடங்கியதும் கடினமான ஆப்பைச் செருக வேண்டும். மண்டி கீழே படிவதற்கு மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த ஒரு பசையை வடிசாலையிலேயே கலந்துவிடுவார்கள். நிலவறை 11 முதல் 13 பாகைக்குள் இருக்க வேண்டும். கூடினால் கலங்கும், குறைந்தால் உறைந்ததுபோல் சுவையற்றுப் போகும். திறந்த பீப்பாயை மூன்று நாளுக்குள் விற்றுவிட வேண்டும், அதன் பிறகு புளிக்கும்.

பெரியவர் இதைச் சொல்லச் சொல்ல அவருக்கு முட்டி ஞாபகம் வந்தது. பனையில் கட்டிய முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் கருப்பநீர், தடவாவிட்டால் கள்ளு. காலையில் இறக்கியது மாலையில் வேறு, மறுநாள் காடி. பிளாவில் ஊற்றிக் கொடுத்ததை அன்றே குடித்துவிட வேண்டும். வடமராட்சியில் எந்தச் சீவல்தொழிலாளியும் வெப்பமானி இல்லாமல் செய்த வேலைதான் இது. “எங்கட ஊரிலும் இப்படி ஒன்று இருக்கிறது, மரத்திலிருந்து வரும்” என்று அவர் ஆங்கிலத்தில் விளக்கியதும் பெரியவர் அரைமணி நேரம் கேள்வி கேட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் நெருக்கம்.

பெரியவர் பிடிவாதம் பிடித்த விசயம் ஒன்று உண்டு. கிழமைக்கு ஒருமுறை, தவறாமல், நிலவறையிலிருந்து மேலே போகும் குழாய்கள் எல்லாவற்றையும் கழுவ வேண்டும். கழுவும் திரவம் ஊதா நிறம். குழாய்க்குள் ஈஸ்டும் அழுக்கும் இருந்தால் அது பச்சையாக மாறி வெளியே வரும். ஊதாவாகவே வரும்வரை கழுவி, பிறகு தண்ணீர் விட்டு மருந்தை முழுவதும் போக்க வேண்டும். குழாய்க்குள் நின்ற பியர் அத்தனையும் வீண். ஒவ்வொரு தரமும் திகதி, எந்தக் குழாய், எத்தனை பைந்து வீண் என்று ஒரு கொப்பியில் எழுதச் சொன்னார். திங்கட்கிழமைக் காலைகள் அதற்கென்றே போயின. காசை ஊற்றிக் கழுவுகிற மாதிரி இருக்கிறது என்று மனைவி சொன்னார்.

அந்தக் கொப்பிதான் பின்பு கைகொடுத்தது. கட்டடத்தின் சொந்தக்கார நிறுவனம் நிலவறைக் குழாய்களில் ஓட்டத்தை அளக்கும் கருவி பூட்டியிருந்தது. தங்களிடம் வாங்கியதைவிடக் கூடுதலாகக் குழாயில் ஓடியிருக்கிறது, வெளியே பியர் வாங்கியிருக்கிறாய் என்று 2010இல் அபராதக் கடிதம் வந்தது. கழுவும்போது ஓடிய தண்ணீரையும் கருவி எண்ணியிருந்தது. அவர் மூன்று வருடக் கொப்பியையும் படியெடுத்து அனுப்பினார். அபராதம் நின்றது, மன்னிப்பு ஒன்றும் வரவில்லை. கருவிக்கு ஒரு சொல்லும் தனக்கு ஒரு சொல்லும் இருந்தால் கருவியின் சொல்லையே நம்புகிறார்கள் என்பது அவரை வெகுநாள் வருத்தியது.

மேலே, கவுண்டரில், வேறு பாடங்கள். தமிழ்ப் பெடியன்கள் பத்துப் பேராக வருவார்கள். நடுமேசையில் ஒரு முழு விஸ்கிப் போத்தலை வைக்கச் சொல்வார்கள். வீட்டு விழாவில் அப்படித்தானே வழக்கம். “அண்ணை, எங்களுக்கே கணக்குப் பாக்கிறியளோ?” விஸ்கி, ஜின், ரம், வொட்கா என்றால் 25 மில்லிலீற்றரோ 35ஓ, இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதே அளவில் ஊற்ற வேண்டும், எது என்பதைச் சுவரில் எழுதியும் போட வேண்டும் என்பது சட்டம். அவர் 25ஐத் தெரிந்தெடுத்திருந்தார். சட்டத்தைச் சொன்னால் கோபித்தார்கள், தன்னால் ஏலாது என்று சொன்னால் சிரித்துக்கொண்டு ஏற்றார்கள். வெறித்தவனுக்கு மேலும் விற்பது குற்றம். ஆனால் வெறித்தவன் ஒன்றுவிட்ட தம்பியாக இருந்தால்? ஒருநாள் அப்படி ஒருவனுக்கு மறுத்துவிட்டு, கதவைப் பூட்டிய பிறகு அவனைத் தானே காரில் ஏற்றிக்கொண்டுபோய் வீட்டில் இறக்கினார். அந்தக் குடும்பம் இரண்டு வருடம் அவரோடு கதைக்கவில்லை.

வெள்ளைக்கார வாடிக்கையாளர்களில் சிலர் முதல் மாதத்திலேயே வேறு பப்புக்குப் போய்விட்டார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. மொத்தவிற்பனைக் களஞ்சியத்தில் சந்தித்த ஒரு பஞ்சாபிப் பப்புக்காரர்தான் அவருக்குப் பழைய கதையைச் சொன்னார். பர்மிங்ஹாமுக்கு அருகே ஸ்மெதிக் என்ற ஊரில் அறுபதுகளில் பல பப்புகளில் நிறத்தடை இருந்தது. சில அறைகளுக்குள் இந்தியரும் கறுப்பினத்தவரும் கால்வைக்க முடியாது. இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் அவ்தார் சிங் ஜவுல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு அப்படிப்பட்ட பப்புகளுக்குப் போய்க் குடிக்கக் கேட்டார். மறுத்ததைச் சாட்சியாக்கினார். 1965 பெப்ரவரி 12 அன்று மால்கம் எக்ஸ் அந்த ஊருக்கே வந்து பார்த்தார். ஒன்பது நாளில் நியூயோர்க்கில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதே வருடம் டிசம்பரில் நடைமுறைக்கு வந்த இனஉறவுச் சட்டம் பப்பில் நிறத்தைக் காட்டி மறுப்பதைத் தடுத்தது. பிறகு அந்தப் பகுதியில் பஞ்சாபிகளே பப்புகளை எடுத்து, கவுண்டரோடு சேர்த்துக் கரியடுப்பும் போட்டார்கள். “பயப்படாமல் உன் சாப்பாட்டைப் போடு” என்றார் அந்த மனிதர்.

கறி மணக் கடிதத்தால் அதுவரை மனைவி சிப்ஸும் சொசேஜுமே செய்துகொண்டிருந்தார். அடுத்த வியாழக்கிழமை டார்ட்ஸ் குழுக்களின் போட்டி. அப்படிப்பட்ட இரவுகளில் இரு குழுவுக்கும் பப்புக்காரர் சாப்பாடு கொடுப்பது வழக்கம். வழமையான சான்ட்விச்சுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு ஆட்டிறைச்சி றோல்ஸ் வந்தது. அரைமணியில் தட்டு காலி, சான்ட்விச் அப்படியே கிடந்தது. பிறகு டெவில் கோழி, மரவள்ளிப் பொரியல், கடலை வடை, ஞாயிற்றுக்கிழமை கொத்து ரொட்டி. கறி மணத்தைப் பற்றி எழுதிய வீட்டுக்காரர் ஞாயிறுகளில் பார்சல் வாங்க வரத் தொடங்கினார். கடிதத்தைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை.

இதெல்லாம் நடந்தும் காசு மிஞ்சவில்லை. 2008 மார்ச்சில் நிதியமைச்சர் அலிஸ்ரர் டார்லிங் மதுவரியைப் பணவீக்கத்துக்கு மேல் ஆறு வீதம் கூட்டினார். அதன் பிறகு வருடாவருடம் பணவீக்கத்துக்கு மேல் இரண்டு வீதம் தானாகவே ஏறும் என்றும் சொன்னார். அந்த இலையுதிர்காலத்தில் வங்கிகள் ஆட்டங்கண்டன, ஆட்கள் வேலை இழந்தார்கள். சுப்பர்மார்க்கெட்டில் மலிவாகப் பியர் வாங்கி வீட்டிலிருந்து குடித்தார்கள். 2009இன் முதல் பாதியில் பிரிட்டனில் கிழமைக்கு 52 பப்புகள் மூடப்பட்டதாகப் பப்புத் தொழில் அமைப்பினர் கணக்குச் சொன்னார்கள். அவர் இரண்டு ஊழியரை நிறுத்தினார். தன் சம்பளத்தை நிறுத்தினார். சீட்டுக் காசு மட்டும் ஒரு மாதமும் தவறவில்லை.

அதே வருடம் ஏப்ரல் 6. வன்னியில் குண்டுகள் விழுந்துகொண்டிருக்க, தமிழ் இளைஞர்கள் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தை மறித்து உட்கார்ந்தார்கள். பிறகு பாராளுமன்றச் சதுக்கத்தில் எழுபது நாட்களுக்கு மேல் இருந்தார்கள். மனைவி பகலில் அங்கே போனார், அவர் காலையில் போய் மத்தியானம் வந்து பப்பைத் திறந்தார். இரவில் சதுக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள் தொண்டை கட்டிப்போய், கொடியைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே வருவார்கள். அவர்களுக்குத் தேத்தண்ணியும் சோறும். காசு வாங்கவில்லை. கவுண்டரில் இருந்தவர்களுக்கு என்ன நடக்கிறது என்று முதலில் விளங்கவில்லை. பெரியவர்தான் காற்பந்து ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சியைச் செய்திக்கு மாற்றச் சொன்னார். யாரும் மறுக்கவில்லை.

மே 18, திங்கட்கிழமை. போர் முடிந்ததாக அறிவித்த நாள். அவர் வழமைபோலக் காலையில் நிலவறைக்கு இறங்கிக் குழாய் கழுவினார். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. பன்னிரண்டு மணிக்குக் கதவைத் திறந்தார். மூன்று மணிக்கு வந்த பெரியவர் நாற்காலியில் உட்காரவில்லை. கவுண்டருக்குப் பின்னால் வந்து, கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மேசைகளில் கிடந்த கிளாஸ்களை எடுத்துக் கழுவத் தொடங்கினார். அவரை உள்ளே போய்ப் படுக்கச் சொன்னார். இரவு பதினொரு மணிக்கு மணியடித்ததும் பெரியவர்தான்.

பெரியவர் 2011 மாரியில் இறந்துபோனார். அடுத்த வருடம் ஐந்தாண்டு வாடகை மீளாய்வு வந்தது. கேட்ட தொகை கட்டுப்படியாகவில்லை. பேரம் பேச அவருக்கு முழங்காலிலும் மனத்திலும் வலு இருக்கவில்லை. 2013 மார்ச்சில் அரசு பைந்துக்கு ஒரு பென்னி வரி குறைத்து, பியருக்குத் தானாக ஏறும் வரியையும் நிறுத்தியபோது, குத்தகையை வேறொருவர் பெயருக்கு மாற்றும் பத்திரத்தில் அவர் கையெழுத்திட்டு இரண்டு கிழமை ஆகியிருந்தது. எடுத்தவர்கள் ஓர் இளம் சோடி. கையளிக்கும் நாளில் கணக்காளர் வந்து பீப்பாயில் மிஞ்சியது, போத்தலில் மிஞ்சியது, நாற்காலி, கிளாஸ் எல்லாவற்றையும் எண்ணினார். பெட்டியில் அடுக்கிய சாம்பல் கிண்ணங்கள் நிலவறையில் அப்படியே இருந்தன. அதற்கு விலை போடவில்லை. அதிகாலையிலேயே வந்து எல்லாக் குழாய்களையும் அவர் கழுவி முடித்திருந்தார். கொப்பிகளையும் சோடியிடம் கொடுத்தார்.

அன்றிரவு ஊருக்குக் கதைத்தார். விற்றாயிற்று என்று மட்டும் சொன்னார். தாயார் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார்.

“தவறணையை ஆருக்கடா குடுத்தனி?”

“இளம் சோடி ஒண்டம்மா. நல்ல பிள்ளையள்.”

“அந்த மூண்டாம் படியைச் சொல்லிப்போட்டு வந்தனியோ?”

சொல்லியிருந்தார்.